புண்ணியம் தின்ற பசு

என் பசுவின் பாலை வாங்கிவந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைக்காரர் பொன்னுராஜ், "பால் தண்ணியா இருக்கு சார். இந்த வாரமும் இப்படின்னா நான் வேற மாடு பாத்துக்கிடுதேன்" என்றார். எனக்குச் சினம் பொங்கியது. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தவிடும் அளந்து வைப்பவன் நான். பசுவோ அவற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இராஜபாளையத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர் ஜாஸ்மின் அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "நோயில்ல சார். யாரோ சோறாப் போடுதாவ. அரிசி கூடினா பால்ல கொழுப்பு இறங்கிரும்."

மறுநாள் காலையில் வழக்கம்போல் பசுவை வாசலில் கட்டிவிட்டு, கதவுக்குப் பின்னே நின்று கவனித்தேன். தெருவே வரிசையில் வந்தது. ஒருவர் வெல்லம் கலந்த பச்சரிசி ஊட்டினார். எதிர்வீட்டு வஞ்சுளவல்லி ஒரு தூக்குச் சர்க்கரைப்பொங்கலையே கவிழ்த்தார்.

"இதென்ன அநியாயம்?" என்று சீறினேன்.

"கோவப்படாதிய சார். இன்னைக்குப் பௌர்ணமி. பசுவுக்குக் குடுத்தா புண்ணியம்லா?"

"நேற்று?"

"நேத்து எம் பேரனுக்குப் பொறந்தநாளு."

அன்றே வாசலில் பருத்திக்கொட்டைக் கூடையையும் பசும்புல் கட்டையும் வைத்து, புண்ணியம் வேண்டுவோர் இவற்றையே ஊட்ட வேண்டும் என ஆணையிட்டேன். தெரு முணுமுணுத்துக்கொண்டே கீழ்ப்படிந்தது. பால் கெட்டியானது, பொன்னுராஜும் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால், ஊட்டுவோர் முதலில் வலம்வந்து வணங்குவது வழக்கம். அது பசுவுக்குப் பழகிவிட்டது. வணங்காதவன் வைத்த தீவனத்தை அது தொடுவதில்லை. ஆகவே, எந்த அதிகாரிக்கும் தலைவணங்காத நான், நாள்தோறும் விடியுமுன், வஞ்சுளவல்லி எழுவதற்குள், என் மாட்டைச் சுற்றிவந்து கைகூப்புகிறேன்.