செருமல்

காய்கறி மார்க்கெட்டில் ஏலம் போடுகிறவனுக்குத் தொண்டையில் கட்டி வந்தால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? "கத்திக் கத்தியே வரவழைச்சுக்கிட்டான்" என்பார்கள். என் காதுபடவே சொன்னார்கள். கத்தாமல் ஏலம் போடும் வித்தை ஏதாவது இருந்தால் அந்தப் புண்ணியவான்கள் முன்னாடியே எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையை எடுத்தால் ஆள் பிழைப்பான், குரல் போய்விடும். விட்டுவைத்தால் இரண்டும் போய்விடும். அப்புறம் கழுத்தில் போடும் துளை வழியாக மூச்சு விடலாம், வாயால் சாப்பிடலாம், பேச மட்டும் முடியாது. என் மனைவி உடனே, "உசுரு இருந்தா போதும் டாக்டர்" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

என் மகள் அப்போது கல்லூரியில் ஒலிப்பதிவு படித்துக்கொண்டிருந்தாள். அவள் அதில் சேர்ந்தபோது, "உங்க வீட்டுல ஏற்கெனவே சத்தம் ஜாஸ்தி, இதுல அதப் படிக்க வேற செய்யணுமா?" என்று மார்க்கெட்டே சிரித்தது. நான் அவளை 'வாலு' என்றுதான் கூப்பிடுவேன். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன் என்றால் அன்றைக்கு வீட்டில் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அவளும் கூட வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க குரல எடுத்து வச்சிடலாம்பா. போன்ல பட்டன் பட்டனா போட்டுத் தரேன். எது வேணுமோ அத அமுக்கினா உங்க குரல்லயே பேசும்."

"நான் என்ன ஊறுகாயா, எடுத்து வைக்க?" என்றேன். ஆனால் மனசுக்குள் அந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

அவளுடைய பேராசிரியர் ஸ்டுடியோவை ஒரு பகல் முழுக்க எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. குளிர்பதனக் கிடங்கின் கதவு மாதிரி கனத்த கதவு. அதைச் சாத்தியதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இரைச்சலிலேயே பிழைப்பு நடத்தியவன் நான். அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் கேட்டதே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஈரத் துண்டைக் கொடியில் போடத் தெரியாத பெண், அங்கே அத்தனை குமிழ்களுக்கு நடுவே எதைத் தொடுவது என்று ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. எனக்குப் பெருமையில் தொண்டை அடைத்தது. கட்டியால் அல்ல.

"ஆரம்பிக்கலாம்பா. 'தண்ணி வேணும்' சொல்லுங்க."

செருமிக்கொண்டு, "தண்ணி வேணும்!" என்றேன். அவள் ஹெட்போனைப் பிடுங்கிக் கழற்றினாள்.

"அப்பா! மீட்டர் செவப்புக்குப் போயிடுச்சு. தண்ணிய ஏலமா விடறீங்க? அம்மாகிட்ட கேக்கற மாதிரி கேளுங்க. அப்புறம், செருமாதீங்க."

"செருமாம எப்படிப் பேசறது வாலு?"

"பேசுங்க. வந்தாலும் அத வெட்டிடுவேன். இன்னொரு தடவை போலாம்."

என் செருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டி வருவதற்கு ரொம்ப காலம் முன்பே அது இருந்தது. மார்க்கெட்டில் மூட்டை மேல் ஏறி நின்று ஒரு தடவை செருமினால் போதும், வியாபாரிகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். மணி அடிப்பதற்குப் பதில் அது. எனக்கே தெரியாமல் அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

வலிக்குது. கதவ சாத்து. சாப்பிட்டாச்சா? போன்ல யாரு? ஒவ்வொன்றுக்கும் "இன்னொரு தடவை போலாம்பா." மூச்சு கேட்டால் இன்னொரு தடவை. நாற்காலி முனகினால் இன்னொரு தடவை. "இந்நேரம் ஒரு லாரி முட்டைக்கோச வித்திருப்பேன்டி" என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னாள். மதியத்துக்கு மேல் குரல் கம்மத் தொடங்கியது. இருப்பு தீருவதற்குள் முடித்துவிட வேண்டுமே என்று அவளுக்குப் பயம், எனக்கும் பயம். இரண்டு பேரும் காட்டிக்கொள்ளவில்லை.

எல்லாம் முடிந்ததும், "கடைசியா ஒண்ணுப்பா" என்றாள். "ஒரு நிமிஷம் பேசாம உக்காந்திருக்கணும். ரூம் டோன் எடுக்கணும்."

"பேசாம இருக்கறத எதுக்குப் பதிவு பண்றே?"

"ஒவ்வொரு அறைக்கும் ஒரு அமைதி இருக்குப்பா. வெட்டி ஒட்டற எடத்துல இந்த அமைதிய அடியில போடுவோம். இல்லேன்னா ஓட்டை மாதிரி தெரியும்."

உட்கார்ந்தேன். அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. இனிமேல் இப்படித்தான். இதுதான் மிச்ச வாழ்க்கை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பதிவு கெட்டுவிடுமே என்று விழுங்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். முடிந்திருக்கும் என்று நினைத்துச் செருமிவிட்டுக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னபடியே ஆள் பிழைத்தேன்.

பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் எப்படியோ முடிவு செய்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் என்னிடம் கத்தினார்கள். நான் காலமெல்லாம் கத்தியதற்கு வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன் நன்றாகத்தான் வேலை செய்தது. அமுக்கினால், "தண்ணி வேணும்" என்று பளிங்கு மாதிரி வரும். என் குரல்தான், சந்தேகமில்லை. அவளுடைய பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டு, "ஒரு தூசு இல்ல" என்று வகுப்பு முன்னால் பாராட்டினாராம். ஆனால் என் மனைவி அந்தக் குரலைக் கேட்டால் போனைப் பார்த்து, "சரிங்க, இதோ" என்பாள். என்னைப் பார்க்க மாட்டாள். தண்ணீரைக் கொண்டுவந்து விருந்தாளிக்கு வைப்பது மாதிரி பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைத் திட்டாமல் ஒரு வேலையும் செய்யாதவள், இப்போது ஒரு வார்த்தை திட்டுவதில்லை. அந்த மரியாதை என்னை அறுத்தது.

ஒரு நாள் சமையலறையில் அவள் மகளிடம் சொல்வது காதில் விழுந்தது.

"கொறை சொல்றேன்னு நெனைக்காதே. அது உங்கப்பா குரல்தான். ஆனா உங்கப்பா இல்ல. அவர் தண்ணி கேக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை செருமுவாரு. அந்தச் சத்தத்துலயே நான் டம்ளர எடுத்துடுவேன். வாயத் தொறந்து கேட்டதே இல்ல."

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. வாலு எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போய்ப் பார்த்தேன். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசி எழுத்தில் முடிகிற மாதிரி ஒட்ட நறுக்கியிருக்கிறாள். முன்னால் இருந்த செருமல், நடுவில் வந்த மூச்சு, நான் அவளைத் திட்டியது, 'வாலு' என்றது எல்லாம் வேண்டாதவை. நறுக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் பதிவை அழித்துவிட்டாள்.

"மூலத்த எப்பவும் அழிக்கக் கூடாதுன்னு முதல் வகுப்புலயே சொல்லித் தந்தாங்கப்பா. எல்லாம் நல்லா வந்துடுச்சேன்னு அழிச்சுட்டேன். குப்பைன்னு நெனச்சுட்டேன்."

மறுநாள் கல்லூரிக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. படிப்பை விட்டுவிடுகிறேன் என்றாள். 'போடி பைத்தியம், இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?' என்று ஓர் அதட்டுப் போட்டால் எழுந்துவிடுவாள். அதற்குப் பட்டன் இல்லை. எழுதிக் காட்டினேன். எழுத்தில் அதட்டல் இல்லை. படித்துவிட்டு இன்னும் அழுதாள்.

அன்று சாயங்காலம் அவள் கட்டிலோரம் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. காகிதத்தை இழுத்து எழுதினேன்: பேசாம உக்காரச் சொன்னியே, அது எங்கே?

"அதுவா? அது வெறும் ரூம் டோன்பா. தனி ஃபைலா கெடக்கு, அதுல யாரும் கைவைக்க மாட்டாங்க. ஒண்ணும் இருக்காது அதுல."

'போடு' என்று கையைக் காட்டினேன்.

இருந்தது. ஹெட்போனின் ஒரு காதை அவளும் மறு காதை நானும் வைத்துக்கொண்டு கேட்டோம். முதலில் என் மூச்சு. மூக்கு வழியாகப் போய் வந்துகொண்டிருந்த பழைய மூச்சு. ஒரு தடவை எச்சில் விழுங்கினேன். அது எச்சில் இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் செருமல். மூட்டை மேல் ஏறி நின்று போடுவேனே, அச்சு அசல் அதே செருமல். அதன் பின்னாலேயே என் குரல், கம்மிப்போய்: "வாலு, முடிஞ்சுதா?"

பதிவு அதோடு நின்றது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குச் சொல்லாத பதிலை அப்போதுதான் சொன்னாள்.

"முடிஞ்சுதுப்பா."

என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் அழுகைக்கு இப்போது சத்தம் கிடையாது, கழுத்துத் துளையில் காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று வரும். எந்த ஸ்டுடியோவிலும் என்னை விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி இரண்டு வார்த்தையை அவள் தனக்கென்று வைத்துக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. செருமலை மட்டும் தனியாக எடுத்து, எதையும் துடைக்காமல், போனில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பட்டனாக வைத்தாள். காலையில் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவள், வாசலில் நின்று என்னைப் பார்த்து, "அமுக்குங்க" என்று சைகை காட்டினாள்.

அமுக்கினேன்.

சமையலறையில் டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது. "வரேன், வரேன். கொஞ்சம் பொறுத்தா என்னவாம்? எனக்கென்ன பத்துக் கையா இருக்கு? உக்காந்த எடத்துல இருந்து..." என்று திட்டிக்கொண்டே என் மனைவி வந்தாள். நிலைப்படி வரைக்கும் வந்துவிட்டாள். அங்கே நின்றாள். என் கழுத்தைப் பார்த்தாள், கையில் இருந்த போனைப் பார்த்தாள். திட்டு பாதியில் நின்றுபோயிற்று. டம்ளர் சாய்ந்து தண்ணீர் புடவையில் கொட்டியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மெல்ல வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆபரேஷன் அன்றுகூட அழாதவள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

அமுக்கினேன்.