மடியில் தேங்கும் மழை

மழை உடை என்று பெயர் வைத்துக்கொண்டு மழையை உள்ளே கூட்டிவந்து உட்கார வைக்கும் உடைகள் உலகத்தில் நிறைய உண்டு. அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் நர்ஸ் அன்றைக்கு ரயில் டிரைவர் வீட்டு வாசலில் போய் இறங்கினாள்.

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அவள் வேலை. ஏரிக்கரைச் சாலையோரத்து வீடுகள் எல்லாம் அவள் பொறுப்பு. நாற்பதைத் தாண்டிய பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்கள் வாயை அடைத்துவிட்டு வாங்கிய பொறுப்பு அது. அந்த வழியின் கடைசி வீடு ரயில் டிரைவருடையது. ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் எல்லோருக்கும் அவர் ரயில் டிரைவர்தான். காலில் ஆறாத புண். வேறு யார் தொட்டாலும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். இவள் கை பட்டுத்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்துகொண்டிருந்தது.

வாசலில் நின்று மழை உடையைக் கழற்றினாள். தோள் காய்ந்திருந்தது. முதுகும் காய்ந்திருந்தது. மடி மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. வெள்ளைச் சீருடையில் ஈரம் படர்ந்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ரயில் டிரைவரின் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கட்டிலில் சாய்ந்தபடியே ரயில் டிரைவர் கேட்டார்.

"என்ன சிஸ்டர், வழியில ஸ்டேஷன் எதுவும் வரலையா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நொடியே சிரிப்பு அடங்கியது. ஈர உடையோடு புண்ணருகே போகக்கூடாது என்பது தலைமை நர்ஸ் போட்ட விதி. போன மழைக்கு மாற்று உடை எடுத்துப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் மறைவிடம் கேட்டு, உடை மாற்றி, மறுபடி நனைந்து, கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. இந்த முறை மழை உடையை நம்பினாள். அது மடியில் கைவிட்டுவிட்டது. கட்டைத் தொடாமலே திரும்பினாள். ஒரு புண்ணைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது அவளுக்குச் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போவது மாதிரி.

தலைமை நர்ஸ் கத்துகிறவர் அல்ல. மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம்.

"உன் வேலையில நான் குறை சொல்லலம்மா. ஆனா மழைக்காலம் இப்பதான் ஆரம்பிக்குது. கார் வெச்சிருக்கிறவங்க யாருக்காவது ஏரிக்கரையைக் குடுத்துட்டு, நீ உள்ளே கட்டுத்துணி அறையைப் பார்த்துக்கோயேன்."

கட்டுத்துணி அறையில் ஜன்னல் கிடையாது. துணியை மடி, அடுக்கு, ஆவியில் வை, மறுபடி மடி. நர்ஸுக்கு அந்த அறையை நினைத்தாலே மூச்சு முட்டியது.

"ஒரே ஒரு தடவை பாருங்க மேடம். அடுத்த மழைக்கு நான் காய்ஞ்சு போய் இறங்குறேன்."

"சரி. அடுத்த பெரிய மழைக்கு நானே கார்ல அந்த ரயில் டிரைவர் வீட்டுக்கு வர்றேன். ஒரு பொட்டு ஈரம் இல்லைன்னா ஏரிக்கரை உனக்கு. இருந்தா அதுக்கப்புறம் பேச்சு இல்ல."

வீட்டுக்கு வந்ததும் அவள் கோபம் முழுவதும் கணவன் மேல் திரும்பியது. அதில் நியாயம் இருந்தது. அந்த உடைக்குச் சான்று கொடுத்தவனே அவன்தான்.

அவன் குடிநீர் வாரியத்தில் கசிவு பிடிக்கிறவன். நடுத்தெருவில் தரையில் காதை வைத்துப் படுத்து, எந்தக் குழாயில் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவான். கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் சொட்டு. அவள் முதல் மழை உடையை வாங்கி வந்த அன்று, சொட்டு அதைத் தன் வித்தையெல்லாம் காட்டிச் சோதித்தான். கால்சட்டையின் இரண்டு காலையும் இறுக்கிக் கட்டினான். கொல்லையில் இரும்புக் குழாயில் கவ்வி போட்டுத் தொங்கவிட்டு, இடுப்பு வழியாகத் தண்ணீரை ஊற்றி நிரப்பினான். தலையில்லாத பீமன் மாதிரி அது அங்கே தொங்கியது. கீழே காகிதம் விரித்துக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தான். ஒரு சொட்டு விழவில்லை.

"மழையில அடிக்கிற தண்ணியைவிட இது பத்து மடங்கு அழுத்தம். நம்பிப் போட்டுக்கோ" என்று மார்தட்டினான்.

இப்போது அதே கால்சட்டையை அவள் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மடிப்பக்கம் நடுவில் ஓடிய தையலின் மேல், உள்ளே ஒட்டியிருந்த பட்டை சுருண்டு எழும்பி நின்றது. விரலால் நெருடிப் பார்த்தாள். பட்டை கையோடு வந்தது.

"ஏங்க, இங்க வாங்க. நீங்க தண்ணியை எங்க ஊத்தினீங்க?"

"உள்ளேதான்."

"மழை என்ன, உள்ளேயிருந்தா பெய்யுது?"

சொட்டு கால்சட்டையை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தான். வாழ்நாள் முழுக்கக் குழாயோடு கிடந்தவன். அவனைப் பொறுத்தவரை தண்ணீர் என்றால் உள்ளே இருப்பது, வெளியே போகப் பார்ப்பது. அவன் ஊற்றிய தண்ணீர் உள்ளிருந்து அந்தப் பட்டையைத் தையலோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. மழையோ வெளியிலிருந்து தையல் ஓட்டைக்குள் புகுந்து பட்டையைப் பிய்த்துத் தள்ளிவிட்டது. ஊர்க் கசிவையெல்லாம் பிடிக்கிற மனிதன் வீட்டுக் கசிவில் கோட்டை விட்டிருந்தான்.

"அதோட, வண்டியில நான் நின்னுக்கிட்டா போறேன்? உட்கார்ந்தா மடியில குளம் கட்டுது. மேலேயிருந்து வழியற மொத்தத் தண்ணியும் அங்கதான் வந்து தேங்குது. காத்து வேற அதைப் போட்டு அழுத்துது."

அவன் பிய்ந்த பட்டையைத் தையல் மேல் வைத்து அழுத்திப் பார்த்தான். பிறகு, "நாளைக்குக் கடைக்கு நானும் வர்றேன்" என்றான். "வாளியோட வர்றேன்."

கடைக்காரர் வாளியைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன அண்ணே, கடையைக் கழுவிவிடப் போறீங்களா?"

நர்ஸ் விஷயத்தைச் சொன்னாள். அவர் கடகடவென்று சிரித்தார். தன் சரக்கின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "எல்லாமே முழு வாட்டர்ப்ரூஃப்தான். தாராளமா ஊத்திப் பாருங்க, ஒழுகினா அந்த உடை என்னோட கணக்கு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

சொட்டு முதல் கால்சட்டையை உட்புறம் வெளியே வரத் திருப்பினான். வாளி வாயில் மடிப்பகுதியைக் குழிவாக அமர்த்தி, மழை படவேண்டிய பக்கத்தில் தண்ணீரை ஊற்றி, உள்ளங்கையால் அமுக்கினான். காற்றின் வேலையை அவன் கை செய்தது. இரண்டு அமுக்கு அமுக்குவதற்குள் வாளியின் அடியில் சொட்டென்று சத்தம் கேட்டது. கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்தது மடியில் தாங்கியது, ஆனால் கணுக்கால் ஜிப்பில் அழுதது. அதற்கடுத்தது பார்க்க ராஜா மாதிரி இருந்தது, தண்ணீரைக் கண்டதும் காலில் விழுந்தது. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர் இப்போது சிரிக்கவில்லை. ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு, யாரும் சீந்தாமல் கிடந்த ஒன்றை இழுத்துப் போட்டார்.

"இதை ஊத்திப் பாருங்க அண்ணே."

எலுமிச்சை மஞ்சள். கண்ணைக் குத்தியது. அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நர்ஸ் நிறத்தைப் பார்க்கவில்லை, மடியைப் பார்த்தாள். நடுவில் தையலே இல்லை. தொடையிலிருந்து தொடைவரை ஒரே துண்டாக வெட்டியிருந்தார்கள். சொட்டு ஊற்றினான். அமுக்கினான். முழங்கையை ஊன்றி அமுக்கினான். குனிந்து, தெருவில் படுத்துக் குழாய்க்குக் காது கொடுக்கிற மாதிரியே வாளிக்குக் காது கொடுத்தான். வேடிக்கை பார்த்தவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சத்தம் இல்ல" என்றான். அவன் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

மேல்சட்டைக்கு அவள் வாளியை நம்பவில்லை. கடை வாசலில் நின்ற தன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பற்றிக் குனிந்தாள். முதல் சட்டை நிற்கும்போது இடுப்புக்குக் கீழே வந்தது, குனிந்ததும் முதுகைக் காட்டிக்கொடுத்தது. பெரியதாக ஒன்றைப் போட்டாள்.

"காத்தடிச்சா இதுல நான் பட்டமாப் பறந்துடுவேன். வேற காட்டுங்க."

கடைசியில் பின்பக்கம் நீளமாக இறங்கி, கையிலும் இடுப்பிலும் இழுத்துக் கட்டப் பட்டை வைத்த ஒன்று அமைந்தது. முன் ஜிப்பின் மேல் இரட்டை மடிப்பு. ஹெல்மெட்டிலிருந்து வழிகிற தண்ணீர் கழுத்துக்குள் இறங்காதபடி உயரமான கழுத்துப் பட்டி. அதுவும் அதே எலுமிச்சை மஞ்சள். கையுறையைச் சட்டைக் கைக்கு மேலே போட்டால்தான் ஸ்டைல் என்றார் கடைக்காரர். அவள் உள்ளே செருகிக்கொண்டாள்.

"ஸ்டைலுக்கு வேற ஆளைப் பாருங்க. மேலே போட்டா கையுறை கிண்ணமாயிடும், தோள்ல வழியறதெல்லாம் அதுலதான் நிரம்பும்."

பெரிய மழை சீக்கிரமே வந்தது. சொட்டு காலையில் அவள் சீருடையைத் தேய்த்துக் கொடுத்தான். அது எப்போதும் அவன் வேலைதான் என்றாலும், அன்றைக்குக் கத்தி மாதிரி மடிப்பு வைத்திருந்தான்.

ஏரிக்கரையில் காற்று பக்கவாட்டில் அடித்தது. மழை மேலிருந்து விழாமல் ஏரியிலிருந்து எழுந்து வருவது போலிருந்தது. முதல் வீடுகளில் உடையை வாசலில் கழற்றி, வேலையை முடித்து, மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அதுவரை ஒரு குறையும் இல்லை. கடைசி வீட்டுக்குப் போகும் நீண்ட சாலையில்தான் மழை தன் முழு வேலையையும் காட்டியது. மடியில் தண்ணீர் குளம் கட்டுவதைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் அது சரிந்து கொட்டியது, மறுபடி நிரம்பியது. திடீரென்று தொடையில் சில்லென்று உறைத்தது. குளிரா, ஈரமா? வண்டியில் உட்கார்ந்தபடி அதைக் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. ஜன்னல் இல்லாத அந்த அறை கண் முன்னால் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

ரயில் டிரைவர் வீட்டுச் சந்தின் முனையில் தலைமை நர்ஸின் கார் நின்றிருந்தது. குடிநீர் வாரியம் சந்து முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தது. கார் போக வழியில்லை, ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் போகலாம். அந்தப் பள்ளத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று சொட்டு இன்றுவரை சத்தியம் செய்கிறான்.

வாசலில் தலைமை நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். குடையின் கம்பிகள் வானத்தைப் பார்த்து மல்லாந்திருந்தன. தலையிலிருந்து கால்வரை தண்ணீர் வழிந்தது. எப்போதும் விறைப்பாக நிற்கிற அவரை அப்படி நனைந்த கோழியாகப் பார்க்க நர்ஸுக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அவள் வண்டியை நிறுத்தி, தாழ்வாரத்தில் ஏறி உடம்பை உதறினாள். பட்டைகளைத் தளர்த்தினாள். சட்டை கழன்றது. கால்சட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினாள்.

கண்ணைத் திறந்தாள். சீருடையில் சொட்டு வைத்த மடிப்பு கழுத்திலிருந்து முழங்கால்வரை அப்படியே நின்றது.

தலைமை நர்ஸ் கண்ணால் பார்த்ததை நம்புகிற ஆள் இல்லை. கழுத்துப் பட்டியைத் தொட்டார். மணிக்கட்டைத் தொட்டார். கடைசியாக மடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையை எடுத்தபோது வெள்ளைத் துணியில் ஐந்து விரலும் பதிந்த ஈரக் கை ஒன்று இருந்தது.

"அந்த ஈரம் உங்களோடது மேடம்" என்று கட்டிலில் இருந்து ரயில் டிரைவர் குரல் கொடுத்தார். "அதை எங்க சிஸ்டர் கணக்குல எழுதிடாதீங்க."

தலைமை நர்ஸின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. மருமகள் துண்டை எடுத்துக்கொண்டு, "உள்ளே வாங்க மேடம்" என்றாள். அவர் நகரவில்லை.

"வேணாம்மா. ஈர உடையோட புண்ணுகிட்ட வரக்கூடாது. நான் இங்கேயே மிதியடியில நின்னுக்கறேன்." பிறகு நர்ஸைப் பார்த்து, "பையில ஏப்ரன் இருக்குல்ல? என் கை பட்ட இடத்தை மூடிக்கிட்டு நீ போய்ப் பாரு" என்றார்.

நர்ஸ் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கையைக் கழுவி, கட்டைப் பிரித்தாள். விளிம்பெல்லாம் இளஞ்சிவப்பாகத் தோல் கட்டியிருந்தது. நடுவில் ஒரு சின்ன வாய் மட்டும் பாக்கி. ரயில் டிரைவர் காலை இழுக்கவில்லை. உடை மறுபடி கைவிட்டிருந்தால், இந்தக் காலை வேறொருவர் கையில் விட்டுவிட்டு இருட்டறையில் துணி மடித்துக்கொண்டிருந்திருப்பாள். கட்டைப் போட்டு முடித்து நிமிர்ந்தபோது, மிதியடியில் நின்றபடியே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தலைமை நர்ஸ், "நல்லாக் கூடி வருது" என்றார். அவர் அப்படிச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

வெளியே மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் மஞ்சள் உடையை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"கார் வரைக்கும் கொண்டுபோய் விடறேன். பின்னாடி உட்காருங்க மேடம்."

தலைமை நர்ஸ் செத்துப்போன குடையைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார். வண்டி பள்ளத்தின் ஓரமாக மெதுவாக நகர்ந்தது. காற்று எதிரே வந்து அறைந்தது. தலைமை நர்ஸ் அந்த மஞ்சள் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மழைக்காலம் முழுக்க ஏரிக்கரை உனக்குத்தான்" என்று அவள் முதுகில் வாயை வைத்துச் சொன்னார். "கேக்குதா?"

நன்றாகவே கேட்டது. "காத்துல ஒண்ணும் கேக்கல மேடம். இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

தலைமை நர்ஸ் இந்த முறை கத்தினார்.