மூன்று வரி மனிதர்

என் கணவர் தெய்வசிகாமணி இருபத்திரண்டு வருடமாக ஏலம் விடுகிறவர். ஏலத்தில் நின்றால் வாய் ஓயாது. வீட்டுக்கு வந்தாலோ வார்த்தைக்குக் காசு கட்டுகிறவர் மாதிரி பேசுவார். குழம்பு எப்படி என்று கேட்டால் "சரி" என்பார், அவ்வளவுதான். எல்லாம் பேப்பர் விளம்பரம் எழுதிப் பழகிய கோளாறு. எங்கள் கல்யாணமே அப்படி ஒரு மூன்று வரி விளம்பரத்தில்தான் முடிந்தது: "ஏலத் தொழில். மூலக்குளத்தில் சொந்த வீடு. வரதட்சணை வேண்டாம்." மூன்றாவது வரியைப் பார்த்துத்தான் என் அப்பா கடிதம் போட்டார்.

போன மாதம், சேதராப்பட்டில் மூடிப்போன ஒரு தையல் கம்பெனியின் நாற்பது பவர் மெஷின்களை ஏலம் விடச் சொன்னார்கள். முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். சனிக்கிழமை இருபது பேராவது வரவில்லை என்றால் எல்லாவற்றையும் பழைய இரும்புக்கு எடை போட்டுவிடுவாராம். அங்கே பதினோரு வருடம் தைத்த கொளஞ்சி என்ற பெண் எங்கள் வீடு தேடி வந்தார். பதினேழாம் நம்பர் தன்னுடைய மெஷின், அதை ஏலத்தில் எடுத்தால் வீட்டிலேயே தைத்துப் பிழைத்துக்கொள்வேன், எடைக்குப் போகாமல் பாருங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

பேப்பரில் போட்டால் எங்கள் கமிஷன் முழுவதும் அதற்கே சரியாகப் போகும். ஃபேஸ்புக்கில் போடலாம் என்றேன். இவரும் தலையாட்டினார். தலையாட்டியவர் என்ன எழுதினார் தெரியுமா? "தை.மெ. 40. நன்னிலை. சே.பட்டு. சனி கா.10." மூன்று நாளில் விசாரித்தது ஒரே ஒருவர். அவருக்கும் நாங்கள் என்ன விற்கிறோம் என்று புரியவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "இங்க வார்த்தைக்குக் காசு கெடையாது. யாருக்கு மிச்சம் புடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, அவரைக் கம்பெனிக்கே இழுத்துப் போனேன். மெஷின்களுக்கு நடுவில் நிறுத்தி, ஏலத்தில் பேசுகிற மாதிரி பேசச் சொல்லி செல்போனை நீட்டினேன். மனிதர் பதினான்கு நிமிடம் பேசினார். பதினேழாம் நம்பரிடம் வந்ததும், கொளஞ்சி என்ற அம்மா பதினோரு வருடம் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டது, எண்ணெய் விடாத நாளே இல்லை என்று உருகிவிட்டார். அந்த வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டு, நிறைய பேருக்குக் காட்டும்படி பூஸ்ட் பண்ண முந்நூறு ரூபாய் கட்டினேன். விழுப்புரம், கடலூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை அறுபது பேர் வந்தார்கள். முதல் பதினாறு மெஷினும் நல்ல விலைக்குப் போயின. பதினேழின் முறை வந்ததும்தான் எனக்கு உறைத்தது. வீடியோவில் இவர் உருகியதைப் பார்த்து, பாதிப்பேர் அதற்காகவே வந்திருந்தார்கள். பேசச் சொன்ன என்னைத்தான் உதைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

விலை ஏறிக்கொண்டே போனது. கொளஞ்சி கடைசியாக ஒரு தொகை கேட்டார். அதற்கு மேல் தன்னிடம் இல்லை என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். ஏலம் விடுகிறவர் யாருக்கும் பரிந்து பேசக் கூடாது என்பதால் இவர் தரையைப் பார்த்துக்கொண்டே "ஒருதரம்" என்றார். அவருக்குப் போட்டியாக விலை ஏற்றிக்கொண்டிருந்த விழுப்புரம் டெய்லர் ராஜவேல் தூக்கப்போன கையை நிறுத்தி, வீடியோவில் சொன்ன கொளஞ்சி இங்கே இருக்கிறாரா என்று விசாரித்தார்.

"நாந்தாங்க," என்றார் கொளஞ்சி.

"அப்ப அவங்க மெஷின அவங்களே எடுத்துக்கட்டும்," என்று ராஜவேல் கையைக் கட்டிக்கொண்டார். வேறு யாரும் அதற்கு மேல் விலை கேட்கவில்லை. "மூணுதரம்" சொல்லும்போது இவர் குரல் உடைந்துபோனது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மூலக்குளம் வந்ததும், "அன்னைக்கிக் கல்யாண வெளம்பரம் குடுக்கும்போது கையில காசு இருந்திருந்தா நாலாவது வரியும் போட்டிருப்பேன்," என்றார்.

"என்னன்னு?"

"நல்லாப் பேசுவேன்னு."

"போடாததே நல்லது. பதினெட்டு வருஷமா அந்தப் பேச்சு எங்கன்னு தேடிக்கினு இருந்திருப்பேன்," என்றேன்.

சாப்பிடும்போது குழம்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். உப்பு ஒரு கல் தூக்கல் என்பதையும் சேர்த்து.