ஜாடிக்கு ஜன்னல், பைக்கு ஆட்டோ

ஜாடியம்மாவுக்கு அறுபது வயது. முன்பல்லில் ஒன்று இல்லை. ஆனாலும் அவள் படியேறி வந்தாலே தையற்காரிக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமை என்ன, வயசைப் பார்த்துவிட்டா வருகிறது?

தையற்காரியின் கணவனுக்குப் படம் பிடிக்கிற வேலை. கைவேலை செய்கிறவர்கள் கொண்டுவரும் பொருட்களை வீட்டு முன்னறையில் படமெடுத்து, நிறம் திருத்தி, அவரவர் இணையக் கடையில் ஏற்றித் தருவான். ஜாடியம்மாவின் மண் ஜாடிகள் வந்துவிட்டால் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரிப்பான். ஜாடிக்குப் பக்கத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை நிறுத்துவான். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து அந்த அட்டையைத் தொட்டுக் காட்டினால் போதும், வெளிச்சத்தின் கோளாறு நீங்கி நிஜ நிறம் வந்துவிடும். அதோடு விட்டானா? ஜாடியையே தூக்கிவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"இந்த நீலத்துக்குள்ள லேசா ஒரு பச்சை இருக்கு, பாத்தியா? அது விட்டுப்போயிடக் கூடாது."

"பாத்தேன், பாத்தேன்" என்று தையற்காரி முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வாள்.

அவள் தைக்கும் பைகளுக்கு மட்டும் சாப்பாட்டு மேசை. தட்டுகளை ஒதுக்கிவிட்டு நின்ற நிலையிலேயே இரண்டு படம். அட்டையும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. நிறத்தைத் தானாகவே திருத்துகிற 'ஆட்டோ' என்ற பட்டனை ஒரு தட்டு, வேலை முடிந்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுதான்.

அன்று காலை, விற்ற பை ஒன்று திரும்பி வந்தது. 'படத்தில் பழுப்பு, வந்தது சிவப்பு' என்று வாங்கியவர் எழுதியிருந்தார். படம் முழுக்க ஒரே சிவப்பாக இருந்தால் ஆட்டோ அதையே கோளாறு என்று நினைத்து வழித்து எறிந்துவிடும். இது அவனுக்குத் தெரியாததா? ஊரில் பாதிப்பேருக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

தையற்காரி பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அவன் புது ஜாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பை திரும்பி வந்திருக்கு. நிறம் சரியில்லையாம்."

"அவங்க போன்ல அப்படித் தெரிஞ்சிருக்கும். எல்லாரும் சொல்றதுதான்." கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தான். "இதுதானே? சரியாத்தானே இருக்கு?"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. என்ன நிறம்?"

"பழுப்பு."

"திரையை விடுங்க. நான் தைச்ச பை என்ன நிறம்?"

அவன் யோசித்தான். ஒரு வாரமாக அவனுக்கு எதிரே உட்கார்ந்து அவள் தைத்த பை அது.

"பழுப்பு... தானே?"

அவளுக்கு ஆத்திரத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. பையை எடுத்து ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. அவன் அவசர அவசரமாகச் சாம்பல் அட்டையைத் தேடி எடுத்தான்.

"குடு, இப்பவே ஜன்னல்கிட்ட வச்சு..."

"வேணாம்." அவள் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "ஜாடியம்மாகிட்ட குடுத்து அனுப்பறேன். அவங்க கொண்டுவந்தா உங்க கண்ணுக்குத் தெரியும்."