குருசடி ஏற்றத்தில் நிற்காத பேருந்து

1

"ஏத்தத்துல நிப்பாட்டினா திரும்ப முதல் கியர் போடணும். அது டீசலைக் குடிக்கும்லா?"

"அதுக்கு, நேசம்மாளையும் மீன்கூடையையும் ரோட்டுல விட்டுட்டுப் போவீரா ஓய்?"

"பாவந்தான். மைலேஜ் காணலைன்னா என்னை ராத்திரி சென்னை வண்டிக்குத் தள்ளிருவாவ. பிள்ளைக்கு இன்னும் தலை நிக்கல்ல, செல்வதாசு."

ஓட்டுநரும் நடத்துநரும் பேசிக்கொண்ட இந்தப் பேச்சிலிருந்துதான் கதை தொடங்கியது. 2011இல், குளச்சல்–வடசேரி பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். டீசலும் புகையும் குறைய வேண்டுமென்று புதிய ஏற்பாடு: மிச்சம் பிடிக்கிற ஓட்டுநர் விரும்பிய வழித்தடத்திலேயே இருக்கலாம். மீதி என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: பனிப்பொழிவினூடே அந்தப் பேருந்து... [அடித்துவிட்டேன். குளச்சலில் ஏது பனிப்பொழிவு? மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்து வந்த வியாதி.]

இரண்டாவது: கிளீட்டஸ் நல்ல ஓட்டுநர்தான், ஆனால்—

[ஆனால் என்ன? எனக்குத் தெரியவில்லை. அவனோடு போய்ப் பார்க்கிறேன்.]

3

தூங்கும் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிறவனைப்போல கிளீட்டஸ் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். ஏற்றத்தில், சாலையோரச் சிலுவை நிற்கும் குருசடியின் பக்கத்தில், நேசம்மாள் கை நீட்டினாள். பலகை வைத்த நிறுத்தமல்ல அது. ஆனாலும் எல்லாரும் நிறுத்துகிற இடம். அவன் நிறுத்தவில்லை.

மேடு கடந்ததும் கண்ணாடியில் பார்த்தான். பழைய டெம்போ ஒன்று நேசம்மாளையும் இன்னும் நாலைந்து கூடைக்காரிகளையும் ஏற்றிக்கொண்டு, கரும்புகை கக்கியபடி பின்னால் வந்தது.

"நீரு மிச்சம் பிடிச்சது அங்க எரியுது, பாரும்," என்றார் நடத்துநர் செல்வதாஸ்.

கிளீட்டஸ் சாலையைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தான். அந்தப் புகை டெம்போக்காரனுடையதா, தன்னுடையதா? இதுவரை அவனுக்குத் தோன்றாத கேள்வி.

(டெம்போவை நான்தான் வரவழைத்தேன். அதை எடுத்துவிட்டால் நேசம்மாள் நடக்க வேண்டும். மனம் வரவில்லை.)

4

ஒரு முடிவு: மறுநாளிலிருந்து நிறுத்துகிறான், மாதக் கடைசியில் சென்னை வண்டி, பிள்ளை முதன்முதலாகக் குப்புற விழுந்ததைப் போனில் கேட்கிறான். இன்னொன்று: நிறுத்துவதில்லை, டெம்போ வராத நாளில் நேசம்மாள் நடந்து சேர்வதற்குள் சந்தை கலைந்துவிடுகிறது. அதிகாரி ஒருவர் மனம் மாறுகிற முடிவும் எழுதினேன். நானே நம்பவில்லை, கிழித்துப் போட்டேன்.

ஆகவே நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். வடசேரியில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். டெம்போவிலிருந்து இறங்கிய நேசம்மாள் நேரே ஓட்டுநர் ஜன்னலுக்கு வந்தாள். ஏசுவாள் என்று கிளீட்டஸ் காத்திருந்தான்.

"பிள்ளை பால் குடிக்கா மக்கா?"

"குடிக்குதுக்கா."

அவள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நாளைக்கு நீ நிப்பாட்ட வேண்டாம். கொஞ்சம் மெதுவா உருட்டுவியா? நான் கூடையோட ஓடி ஏறிக்கிடுதேன்."