கலியனுக்கு எட்டு, எனக்கு ஒன்பது

கிறிஸ்துதாஸுக்குப் பத்து நாளாக இடது முழங்காலில் வலி. படி ஏறினால் வலி, இறங்கினால் அதைவிட வலி, சும்மா உட்கார்ந்திருந்தாலும் உள்ளே யாரோ அடுப்பு மூட்டின மாதிரி சூடு. சாயந்திரமானால் உடம்பு லேசாகக் காயும். இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி ஆனந்தமேரி. அந்தம்மா தலைகீழாக நின்று பார்த்துவிட்டார், மனுஷன் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"புதன்கிழமை டாக்டர் போன் பண்ணுவாங்க மேரி. அது முடியட்டும்."

"போன்ல வலிக்குதுன்னு சொல்லிடுவீங்களா?"

"அதைத்தான் சொல்லக்கூடாது."

ஏன் சொல்லக்கூடாது? அதற்குக் கலியபெருமாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாரம் பகுதியில் கிறிஸ்துதாஸ் வீட்டுக்கு நேர் எதிர் வீடு கலியபெருமாளுடையது. கிறிஸ்துதாஸ் மின்சாரத் துறையில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். கலியபெருமாள் விழுப்புரம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். நாற்பது வருஷச் சிநேகிதம் என்று ஊர் சொல்கிறது. நாற்பது வருஷச் சண்டை என்றும் தாராளமாகச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை பெத்தாங்க் விளையாட்டில் இருவரும் எதிரெதிர் கட்சி. இரும்புக் குண்டை உருட்டிவிட்டு, யாருடையது இலக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளப்பார்கள். அளந்த பிறகும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வயசானால் குனிந்து குண்டை எடுக்க முடியாது. அதற்கென்று கயிற்றில் கட்டிய காந்தம் இருக்கிறது, தொங்கவிட்டால் குண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மற்ற கிழவர்கள் எல்லாரும் வெட்கப்படாமல் வாங்கிக்கொண்டார்கள். நம்ம ஆட்கள் இரண்டு பேரும், எதிராளி முதலில் காந்தம் வாங்கட்டும் என்று முறைத்துக்கொண்டு இரண்டு வருஷம் குனிந்து குனிந்தே இடது முட்டியைத் தேய்த்தார்கள். கடைசியில் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே நாளில், அடுத்தடுத்த கட்டிலில் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் படுத்தார்கள்.

அங்கே ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பூர்ணிமா என்ற இளம் டாக்டர் வந்து பொறுமையாக விளக்கினார். மூட்டைத் திறக்க இரண்டு வழி. பழைய வழியில் தொடைத் தசையை வெட்டித் திறப்பார்கள். புது வழியில் வெட்டாமல் ஒதுக்கிவிட்டுத் திறப்பார்கள். எதில் வலி குறைவு, எதில் சீக்கிரம் நடக்கலாம் என்று பார்க்கவேண்டும். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். ஆபரேஷன் செய்கிறவர் மட்டும் பிரிப்பார், அவரும் வாய் திறக்கமாட்டார். நோயாளிக்கும் தெரியாது, பின்னால் விசாரிக்கிற பூர்ணிமாவுக்கும் தெரியாது.

இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். போட்ட அன்றைக்கே கிறிஸ்துதாஸுக்குத் தெரிந்துவிட்டது, தனக்குத்தான் புது முறை. எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. கலியபெருமாளுக்கும் அதே மாதிரி தெரிந்திருந்தது.

பிறகு பூர்ணிமாவின் போன் விசாரிப்பு ஆரம்பித்தது. வலி இல்லாவிட்டால் பூஜ்யம், தாங்கமுடியாத வலி என்றால் பத்து. நாலுக்கு மேல் சொன்னால் நேரில் கூப்பிட்டுப் பரிசோதிப்பார்கள். ஆறாவது வாரம் முதல் தடவை கேட்டபோது கலியபெருமாள், டாக்டருக்கு மார்க் போடச் சொல்கிறார்கள் என்று நினைத்து, கைராசியான பொண்ணு, நல்லா இருக்கட்டும் என்று, "பத்துக்குப் பத்து" என்றார். பூர்ணிமா பதறிப்போய் ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா என்று கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் சிரித்தார் கிறிஸ்துதாஸ். அன்றிலிருந்து போன் வந்தால் இருவரும் கிறிஸ்துதாஸ் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு, ஒருவர் பதிலை மற்றவர் கேட்கும்படி சொல்வது வழக்கமாகிவிட்டது. மூணாவது மாசம் இரண்டுக்கு இரண்டு. ஆறாவது மாசம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

இப்போது ஒரு வருஷம். கடைசி விசாரிப்பு. இதில் போய் வலிக்கிறது என்று சொன்னால், தனக்குப் பழைய முறை என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இதுதான் கிறிஸ்துதாஸின் கணக்கு. இப்படி ஒரு கணக்குப் போட அறுபத்தேழு வயசு மனுஷனால்தான் முடியும்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கலியபெருமாள் வந்தார். கிறிஸ்துதாஸ் பிரம்பு நாற்காலியில் இருந்தார். கைப்பிடி வைத்து உயரமாக இருக்கும் அந்த நாற்காலியை அவர் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. கலியபெருமாளுக்கு எப்போதும் ஸ்டூல்தான்.

"என்னடா தாஸு, வீட்டுல பேண்ட் போட்டுக்கிட்டு?"

"டாக்டர்கிட்ட பேசப்போறோம். ஒரு மரியாதை வேணாமா?"

"போன்லதானே பேசறாங்க?"

வீங்கின முட்டியை மறைக்கத்தான் பேண்ட் என்று சொல்லமுடியுமா? நல்லவேளை, போன் அடித்தது.

"கிறிஸ்துதாஸ் சார், போன ஒரு வாரத்துல வலி எவ்வளவு?"

"பூஜ்யம் டாக்டர்." சொல்லும்போதே கலியபெருமாள் முகத்தைப் பார்த்தார்.

"படி ஏறி இறங்க?"

"ஓடறேன்."

"சாமி கும்பிட முட்டி போட முடியுதா?"

போன ஞாயிறு பூசையில் எல்லாரும் முழந்தாளிட்டபோது அவர் கடைசி பெஞ்சில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போடறேன்" என்றார். சொல்லிவிட்டு, சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார். கலியபெருமாள் ஐயா இருக்காரா? ஐயா, உங்களுக்கு வலி எவ்வளவு?"

"எட்டு" என்றார் கலியபெருமாள்.

பூர்ணிமாவுக்குப் பழைய பத்துக்குப் பத்து ஞாபகம் வந்துவிட்டது. "ஐயா, எட்டுன்னா ரொம்ப வலி. முன்ன மாதிரி மார்க்குன்னு நினைச்சிக்கிட்டு..."

"தெரிஞ்சுதான் சொல்றேன் டாக்டரம்மா. பத்து நாளா இருக்குது. முட்டி வீங்கியிருக்குது, தொட்டா சூடு. சாயந்திரமானா உடம்பு காயுது. அசிங்கமா இருக்குதுன்னு யாருகிட்டயும் சொல்லல."

அடப்பாவி, இவனுக்கும் அதேவா என்று கிறிஸ்துதாஸ் திகைத்துப்போனார். சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆனந்தமேரி தலை நிமிரவில்லை.

பூர்ணிமாவின் குரல் மாறிவிட்டது. "ஐயா, கிருமி போயிருக்கலாம். இன்னிக்கே வாங்க. சீக்கிரம் வந்தா உள்ள கழுவி, நடுவுல இருக்கற பிளாஸ்டிக்கை மட்டும் மாத்தி மூட்டைக் காப்பாத்தப் பாக்கலாம். இன்னும் ஒரு மாசம் விட்டீங்கன்னா மொத்தத்தையும் கழட்டவேண்டி வரும். அப்புறம் நடக்கறதே கஷ்டம்."

கிறிஸ்துதாஸ் பேண்டுக்கு மேலேயே முட்டியைத் தடவிப் பார்த்தார். பயம்தான், சுத்தமான பயம். கம்பத்தின் உச்சியில் நின்றபோதெல்லாம் வராத பயம். கூடவே இன்னொன்றும் இருந்தது. தனக்கு வலிக்கிற வலிக்கு இந்தக் கலியன் டாக்டரிடம் ஐயா, ஐயா என்று உபசாரம் வாங்கிக்கொண்டிருக்கிறானே என்ற எரிச்சல்.

"டாக்டர், ஒரு நிமிஷம். என் மார்க்கைத் திருத்தலாமா?"

"திருத்தலாம் சார். எவ்வளவு?"

உண்மையில் ஏழு. ஆனால் கலியன் எட்டு என்று சொல்லிவிட்டானே.

"ஒன்பது" என்றார் கிறிஸ்துதாஸ்.

கலியபெருமாள் ஸ்டூலிலிருந்து விசுக்கென்று எழுந்தார். "நான் போய் ஆட்டோ கூட்டியாறேன்" என்று வாசலுக்குப் போனவர், ஞாபகம் வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு "யம்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் கிறிஸ்துதாஸ் முட்டியிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். கிருமிதான். எப்போதோ முள் குத்தி, அவர் கவனிக்காமல் விட்டுச் சீழ் வைத்த குதிகாலிலிருந்து ரத்தத்தோடு ஏறியிருந்தது. மறுநாளே திறந்து, கழுவி, பிளாஸ்டிக்கை மாற்றினார்கள். மூட்டு தப்பியது. கலியபெருமாள் தினம் கைத்தடியோடு நொண்டிக்கொண்டு வார்டுக்கு வந்தார். அவருக்கு மாத்திரையிலேயே சரியாகிவருகிறதாம்.

"உனக்கு இன்னிக்கு எவ்வளவுடா?" என்று கட்டிலிலிருந்து கேட்பார் கிறிஸ்துதாஸ்.

"ஆறு."

"எனக்கு ஏழு" என்று திருப்தியாகக் கண்ணை மூடிக்கொள்வார்.

ஆறு வாரம் கழித்து, செக்கப் முடிந்து கணவனும் மனைவியும் ஆட்டோவில் திரும்பும்போது, மீன் வாங்கலாம் என்று வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கம் விடச்சொன்னார் கிறிஸ்துதாஸ். கரையில் படகுகளுக்கு நடுவே மீன் குவிந்திருந்தது. அதற்கு முன்னால் ஒருத்தர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துக் கையை எதிலும் ஊன்றாமல் எழுந்தார். பையை ஆட்டிக்கொண்டு விறுவிறுவென்று மணலில் நடந்து போனார். கைத்தடியும் இல்லை, ஒன்றும் இல்லை. கலியபெருமாள்.

கிறிஸ்துதாஸ் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் ஆனந்தமேரி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குத்தான் கடலைக் கண்டவர் மாதிரி.

"மேரி, நீதான் சொன்னியா?"

"ஆமா. பால் பூத்ல அவரைப் பாத்ததும் அழுதுட்டேன். அண்ணன்தான் சொன்னாரு, 'என்கிட்ட தோத்துடுவோம்னுதான் அவன் வாயைத் திறக்கல தங்கச்சி. நானே மொதல்ல தோத்துடறேன், அப்புறம் பாரு'ன்னு."

கிறிஸ்துதாஸுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏமாந்துவிட்டோமே என்ற கோபம். அது தெருமுனை வரைக்கும்கூடத் தாங்கவில்லை. நாற்பது வருஷம் டேப் வைத்து அளந்து, அரை விரல்கடைக்குச் சண்டை போட்ட கலியன், தோற்றேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லாதவன், ஸ்பீக்கரில், டாக்டர் காதில், ஆராய்ச்சிக் காகிதத்தில் தோற்றிருக்கிறான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மீன் வாங்க மறந்தே போனது.

வீட்டுக்கு வந்ததும் பூர்ணிமாவுக்குப் போன் போட்டார்.

"டாக்டர், கலியபெருமாளுக்கு அன்னிக்கு எட்டுன்னு எழுதினீங்க இல்ல, அது பொய். பூஜ்யம்னு மாத்துங்க. நான் கண்ணால பாத்தேன். என்னோடதும் ஒன்பது இல்ல, ஏழுதான்."

பூர்ணிமா பெருமூச்சு விட்டார். "அவர் அன்னிக்கே ஆஸ்பத்திரியில என்கிட்ட தனியா வந்து உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டாரு சார். பரிசோதனை பண்ணித் திருத்தியாச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னாரு. உங்க ரெண்டு பேரையும் வெச்சு ஆராய்ச்சியை முடிக்கறதுக்குள்ள எனக்கு முட்டி தேஞ்சிடும்." பிறகு கேட்டார், "எப்பவும் யாருக்குப் புது முறைன்னு கேப்பீங்களே, இன்னிக்குக் கேக்கலையே?"

"வேணாம் டாக்டர். அவனுக்குத்தான்னு வெச்சுக்குங்க."

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கலியபெருமாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போடு தெருவைத் தாண்டி வந்தார். நல்ல நொண்டல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஆபரேஷன் ஆனது இடது காலில், அவர் நொண்டியது வலது காலில்.

கிறிஸ்துதாஸ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"வலிக்குதா கலியா?"

"இருக்குதுடா. ஒரு அஞ்சு. உனக்கு?"

"மூணுதான்."

கலியபெருமாள் ஸ்டூலைத் தேடினார். கிறிஸ்துதாஸ் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழுந்து, பிரம்பு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"நீ இதுல உக்காரு."

"எனக்கு எதுக்குடா அது?"

"கால் வலியோட வந்திருக்க. உக்காரு."

கலியபெருமாள் சந்தேகமாக ஆனந்தமேரியைப் பார்த்தார். ஆனந்தமேரி குழம்புக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கலியபெருமாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டார். கிறிஸ்துதாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது முட்டி சுருக்கென்றது.

"மேரி, வலிக்குது. அந்த ஐஸ் பையை எடுத்துட்டு வா" என்று கலியபெருமாள் காதில் விழும்படியே சொன்னார்.