தப்பில்லாத அறிக்கை

பல்கலைக்கழகத்தில் சர்வதேசப் பொருளாதாரத் துறையின் தலைவருக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. மனுஷனுக்கோ நாற்காலியை விட்டு எழ மனமில்லை. ஐந்து வருட நீட்டிப்புக் கேட்டு மனுப் போட்டிருந்தார். முப்பது வருடமாக, பதினேழு நாடுகளுக்குப் பறந்து, அவர் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான்: வெளியே மலிவாகக் கிடைப்பதை வாங்கு, உள்ளூரில் அதைச் செய்தவன் வேறு தொழில் கற்றுக்கொள்ளட்டும். இறக்குமதியில் மச்சினனின் செருப்புப் பட்டறை படுத்தபோதும் கூசாமல் இதையே சொன்னார். அவன் டாக்ஸி ஓட்டப் போய்விட்டான்.

ஓர் ஆலோசனை நிறுவனம் கோப்பு ஒன்று அனுப்பியது. ஏதோ ஒரு பல்கலைக்கழகம், பெயர் மறைக்கப்பட்டிருந்தது. அங்குள்ள ஒரு துறையை வைத்துக்கொள்வதா, வெளிநாட்டிலிருந்து பதிவுசெய்த பாடங்களை வாங்கிக்கொள்வதா? அறிக்கை எழுதித் தருபவரின் பெயரையும் மறைத்துவிடுவார்களாம். கரும்பு தின்னக் கூலியா?

"இதக் கேளேன்," என்றார் மனைவியிடம். "இருபது வருஷமா ஒரே நோட்ஸைப் படிக்கிறாராம் ஒரு தலைவர். பசங்க தூங்குறாங்களாம். பாதி வருஷம் மாநாடாம். இப்படியும் ஒரு ஜென்மம்."

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே, "எங்கயோ பார்த்த ஆளு மாதிரி இருக்கே," என்றாள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? 'துறையை மூடலாம். தலைவர் வேறு தொழில் கற்பது நலம்' என்று எழுதி அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துத் துணைவேந்தர் கூப்பிட்டார். நீட்டிப்புதான் என்று கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனார். மேஜைமேல் அவருடைய அறிக்கையே கிடந்தது.

"உங்க துறையப் பத்தி யாரோ பெரிய நிபுணர் எழுதினது சார். ஒரு தப்பு காட்டுங்க போதும், நீட்டிப்புல இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் வரியிலிருந்து படித்தார். இரண்டாம் பக்கத்தில் அவரையறியாமல் தலை ஆடியது. என்ன வாதம், என்ன தெளிவு. இதைப் போய்த் தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

"தப்பே இல்ல சார்," என்றார். "ரொம்பப் பிரமாதமா எழுதியிருக்காரு."

வாசலில் மச்சினனின் டாக்ஸி நின்றது. பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். மச்சினன் சிரிக்கவில்லை.

"முன்னாடி வந்து உக்காருங்க மாமா," என்றான். "கிளட்ச் எதுன்னு மொதல்ல காட்டுறேன்."